சவலைப் பிள்ளையும் அமினோ அமிலங்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஆண்டு விழா மேடையில் புலவர் பெருமக்கள் இலக்கியச் சுவையை எடுத்துரைப்பதும், சிறுவர் சிறுமியர் ஆடியும் பாடியும் மகிழ்விப்பதும் நம் வழக்கம். அவ்வரிசையில், பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு நீங்கிய ரயில்வே எழுத்தன் ஒருவன் எழுந்து நின்று, உடலுக்குள் நிகழும் வேதியியலைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று என் மனமே என்னைக் கேட்டது. செயலாளர் அவர்கள் விடவில்லை. "குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று தாய்மார்களிடம் பேசுகின்றீரே, அதையே மேடையில் பேசும்" என்று கூறிவிட்டார்கள். ஆதலின் வந்து நிற்கின்றேன். மருத்துவமும் விஞ்ஞானமும் பயின்றோர் இக்கூட்டத்தில் உளர். என் சொல்லில் பிழை காணின் அவர்கள் பொறுத்துத் திருத்துவார்களாக.

முதலில் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். அதனைச் சொல்லாவிடில், இந்தப் பொருளில் எனக்கு ஏன் இத்துணை ஈடுபாடு என்பது விளங்காது.

என் தந்தையார் பாகாலாவில் இருப்புப்பாதையில் கேங்மேனாக இருந்தார்கள். 1985-ஆம் ஆண்டு. அப்பொழுது எனக்கு வயது ஆறு. என் தம்பிக்கு இரண்டு நிறையவில்லை. என் தாயார் மீண்டும் கருவுற்றார்கள். வழக்கப்படி வேப்பெண்ணெய் தடவித் தம்பிக்குப் பால் மறக்கடித்தார்கள். பாலுக்குப் பதிலாக அவனுக்குக் கிடைத்தவை நீர்த்த அரிசிக் கஞ்சியும், ஜவ்வரிசிக் கஞ்சியும், தேநீரில் நனைத்த பிஸ்கோத்துமே. பருப்பு கொடுத்தால் மாந்தம் வரும் என்று பாட்டியார் தடுத்துவிட்டார்கள். சில மாதம் கழித்து அவனுக்கு மணல்வாரி அம்மை கண்டது. அம்மை இறங்கிய பின் பிள்ளை வியக்கும்படி பூரித்தான். கன்னம் உப்பிற்று; கால் திரண்டது. "அம்மை போனதும் பிள்ளைக்கு உடம்பு வைத்துவிட்டது" என்று அண்டை அயலார் மகிழ்ந்தனர். ஆயின் அவன் சிரிப்பதில்லை. எடுத்து வைத்த இடத்தில் அப்படியே உட்கார்ந்திருப்பான். கருமையான முடி செம்பட்டையாயிற்று. தொடையில் தோல் உரிந்தது. உள்ளூர் வைத்தியர் ஒருவர் அது நீர்க்கோவை என்று கூறி, கூவைக் கிழங்குக் கஞ்சி தவிர வேறு எதுவும் கொடுக்கலாகாது என்று கட்டளையிட்டார். வீக்கம் வளர்ந்தது.

காட்பாடி வண்டியேறி வேலூருக்குக் கொண்டு சென்றனர். அங்கே ஒரு மருத்துவர் தம்பியின் புறங்காலில் கட்டை விரலை வைத்துச் சற்று நேரம் அழுத்தி எடுத்தார். விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது. "அம்மா, இது சதை அன்று, நீர்" என்றாராம். சிறிது சிறிதாகப் பாலும் சர்க்கரையும் எண்ணெயும் கலந்து ஊட்டினர். அப்பொழுது நிகழ்ந்ததை என் தாயார் இறுதிவரை மறக்கவில்லை. உணவு உள்ளே செல்லச் செல்லப் பிள்ளையின் எடை குறைந்தது! நீர் வடிந்து வடிந்து, பத்து நாளில் எலும்பும் தோலுமாக ஒரு பிள்ளை உள்ளிருந்து வெளிப்பட்டான். "என் பிள்ளையைக் கரைத்துவிட்டார்களே" என்று தாயார் அழுதார்கள். உண்மையில் அவன் முன்பே கரைந்திருந்தான். நீர் அதனை மறைத்துக் கொண்டிருந்தது.

இந்நோய்க்கு மருத்துவ நூல்களில் வழங்கும் பெயர் குவாஷியோர்கர் என்பது. அப்பெயரின் வரலாறு சுவையானது. 1933-இல் ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்டில், அதாவது இன்றைய கானா நாட்டில், பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் இதனை முதன்முதலாகத் தெளிவாக விவரித்து எழுதினார். 1935-இல் அந்நாட்டுக் கா மொழித் தாய்மார்கள் வழங்கிய பெயரையே நோய்க்கு இட்டார். அடுத்த குழந்தை வந்ததும், தாயின் மார்பிலிருந்து இறக்கிவிடப்பட்ட மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அச்சொல்லின் பொருளாம். இதனைப் படித்தபொழுது எனக்கு மெய் சிலிர்த்தது. ஏன் எனில், நம் மொழியில் அதே பொருளுக்கு ஒரு சொல் உண்டு. அடுத்த பிள்ளை வயிற்றில் தங்கியதும் பால் இழந்து நோஞ்சலாகும் குழந்தையைச் சவலைப் பிள்ளை என்கின்றோம். "சவலை பாய்ந்துவிட்டது" என்கின்றோம். கடல் கடந்த ஆப்பிரிக்கத் தாயும் தொண்டை நாட்டுத் தாயும் ஒன்றையே கண்டிருக்கின்றனர். காரணத்தைக் கண்டறிவது மட்டும் பின்னால் வந்தோர்க்கு எஞ்சியது.

அந்தக் காரணத்தைத் தேடியோருள் தமிழர் ஒருவர் முன்னணியில் நின்றார் என்பது நமக்குப் பெருமை. சேலத்தில் 1918-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் சி. கோபாலன் அவர்கள் 2019-இல் தம் நூறாவது வயதில் மறைந்தார்கள். நீலகிரியில் குன்னூரில் இயங்கிய உணவு ஆராய்ச்சிக் கூடத்தில் அவர்கள் பணி தொடங்கிற்று. அக்கூடம் 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் தொடங்கிய சிறு ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து வளர்ந்தது. அவர் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி உணவுகளைச் சமைத்துக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டியும் பருப்பும் பாலும் தயிரும் காய்கறியும் கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் முதலிடம் பெற்றன. அரிசியை மிகுதியாகக் கொண்ட மதராசி உணவை உண்டவை கடைசி இடத்தில் நின்றன! நாம் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. எலி பொய் சொல்லாது. 1958-இல் அக்கூடம் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969-இல் தேசிய உணவூட்ட நிறுவனம் என்று பெயர் பெற்றது. 1960-களில் அதனை நடத்தியவர் கோபாலன் அவர்களே.

இனி உடலின் உள்ளே செல்வோம்.

நாம் உண்ணும் பருப்பிலும் பாலிலும் முட்டையிலும் உள்ள புரதம் அப்படியே நம் சதையாகிவிடுவதில்லை. குடலில் அது அமினோ அமிலங்கள் என்னும் சிறு துண்டுகளாகப் பிரிகின்றது. புரதங்களை ஆக்கும் அமினோ அமிலங்கள் 20 வகை. சரக்குப் பகுதியில் வேலை செய்த எனக்கு அவற்றை வாகன்களாகக் கருதுவதே எளிது. வந்த ரயில் யார்டில் பிரிக்கப்பட்டு, வாகன்கள் வேறு வரிசையில் கோக்கப்பட்டு, வேறு ஊருக்குப் புறப்படுகின்றன. கல்லீரலில் ஒரு வரிசை, தசையில் ஒரு வரிசை, முடியில் ஒரு வரிசை. 20 வகையில் 11 வகையை உடல் தன் பணிமனையிலேயே செய்துகொள்ளும். ஏனைய 9-ஐச் செய்ய இயலாது; உணவிலிருந்தே வர வேண்டும். லைசின், லூசின், ஐசோலூசின், வாலின், மெத்தியோனின், திரியோனின், ஃபினைல் அலனின், டிரிப்டோஃபான், ஹிஸ்டிடின் என்பவை அவை. பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வானொலிப் பெட்டியின் பாகங்களைப் போல இருக்கின்றன. நினைவில் கொள்ள வேண்டியது ஒன்றே. பிரேக் வேன் இல்லாமல் சரக்கு வண்டி புறப்படாது என்று நாங்கள் பழகிய காலத்தில் விதி இருந்தது. 40 வாகன் காத்து நின்றாலும் அந்த ஒன்று வாராவிடில் வண்டி நின்றது நின்றதுதான். அரிசியில் அந்தப் பிரேக் வேன் லைசின். அரிசியில் அது குறைவு. பருப்பில் லைசின் நிறைய உண்டு, மெத்தியோனின் குறைவு. அரிசியிலோ மெத்தியோனின் போதிய அளவு உண்டு. இரண்டும் ஒரே இலையில் சேர்ந்தால் வண்டி புறப்படுகின்றது. பொங்கலையும் இட்டிலியையும் கண்டுபிடித்த நம் பாட்டிமார் வேதியியல் படித்தவர் அல்லர். ஆயினும் கணக்குச் சரியாக இருக்கின்றது.

யார்டில் இன்னொரு குறை உண்டு. அமினோ அமிலங்களை நிறுத்தி வைக்கச் சைடிங் கிடையாது. மாவுச் சத்து மிஞ்சினால் கொழுப்பாகச் சேமிக்கலாம். அமினோ அமிலம் மிஞ்சினால் சேமிக்க இடமில்லை. அதன் நைட்ரஜன் பகுதியைக் கல்லீரல் கழற்றி யூரியாவாக்கிச் சிறுநீரில் கழித்துவிடும். இந்த யூரியாச் சுழற்சியை 1932-இல் ஹான்ஸ் கிரெப்ஸ், குர்ட் ஹென்செலைட் என்னும் இருவர் கண்டறிந்தனர். எஞ்சிய பகுதி அடுப்பில் விறகாக எரியும். ஆகவே இன்று தின்ற முட்டை அடுத்த மாதத்துக்கு உதவாது.

ஒரு கணக்கைச் சொன்னால் வியப்பீர்கள். 70 கிலோ எடையுள்ள ஆள் நாளொன்றுக்கு உண்ணும் புரதம் 60 அல்லது 70 கிராம். ஆயின் அவன் உடலில் அன்றாடம் இடிக்கப்பட்டுக் கட்டப்படும் புரதம் 250 முதல் 300 கிராம். மிகப் பெரும்பகுதி பழைய வாகன்களே மீண்டும் மீண்டும் ஓடுகின்றன. வளரும் குழந்தையிடம் இவ்வோட்டம், எடைக்கு எடை பார்த்தால், இன்னும் பன்மடங்கு விரைவானது.

உணவில் புரதம் குறைந்தால் உடல் என்ன செய்கின்றது? உடனே இறந்துவிடுவதில்லை. திறமையான நிலைய அதிகாரியைப் போலச் சிக்கனம் செய்கின்றது. ஜமைக்காத் தீவில் ஜான் வாட்டர்லோ என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் குழந்தைகளிடமும் எலிகளிடமும் இதனை விரிவாக ஆராய்ந்தனர். முதற்சிக்கனம் கல்லீரலில் நிகழ்கின்றது. அமினோ அமிலங்களை எரிக்கும் நொதிகளும் யூரியாவை ஆக்கும் நொதிகளும் குறைகின்றன. கழிவாகச் செல்லும் யூரியா குறைகின்றது. அதற்கு மாறாக, அமினோ அமிலங்களைப் புதிய புரதமாகக் கோப்பதற்கு ஆயத்தம் செய்யும் நொதிகள் கல்லீரலில் மிகுகின்றன. ஒரு வாகனையும் வீணாக்காதே என்று உத்தரவு போனது போலிருக்கின்றது இது.

இரண்டாவது சிக்கனம் கொடியது. தசையில் புதிய கட்டுமானம் நிறுத்தப்படுகின்றது. உள்ள தசை இடிக்கப்பட்டு, அதன் அமினோ அமிலங்கள் இரத்தத்தின் வழியே கல்லீரலுக்கும் குடலுக்கும் அனுப்பப்படுகின்றன. கார்ட்டிசால் என்னும் சுரப்பு இவ்விடிப்பைத் தூண்டுகின்றது, இன்சுலின் குறைந்துவிடுகின்றது. கை கால் மெலியும். ஆனால் கல்லீரல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். மூளை இயன்ற வரையில் காக்கப்படும். நிலக்கரி தீர்ந்தபின் பெட்டியின் பலகைகளைப் பெயர்த்து எரித்து எஞ்சினை ஓட்டுவது போன்றது இது. எஞ்சின் ஓடும். எத்தனை மைல் ஓடும் என்பதே கேள்வி. இவ்வாறு எலும்பும் தோலுமாய் நிற்கும் நிலைக்கு மராஸ்மஸ் என்று பெயர்.

குவாஷியோர்கரில் இந்தச் சிக்கனம் முறிந்துவிடுகின்றது. கல்லீரலுக்கு வேண்டிய அமினோ அமிலங்கள் வந்து சேர்வதில்லை. கல்லீரல் ஆக்க வேண்டிய புரதங்களுள் முதன்மையானது ஆல்புமின். 100 மில்லி இரத்த நீரில் அது 3.5 முதல் 5 கிராம் வரை இருக்க வேண்டும். இந்நோயில் பாதியளவுக்கும் இறங்குவதுண்டு. இரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்து நிறுத்தும் பிடி தளர்கின்றது. நீர் கசிந்து கால்களில் தேங்குகின்றது. கொழுப்பைக் கல்லீரலிலிருந்து ஏற்றிச் செல்லும் புரதமும் குறைவதால், கொழுப்பு அங்கேயே தேங்கிக் கல்லீரல் பருக்கின்றது. வயிறு முன் தள்ளுகின்றது. இரத்தத்தில் அமினோ அமிலங்களை அளந்தாலும் ஒழுங்கு குலைந்திருக்கும். லூசின், ஐசோலூசின், வாலின் ஆகியவை வெகுவாகக் குறைந்திருக்கும். உடல் தானே செய்துகொள்ளும் கிளைசின் போன்றவை குறையாதிருக்கும். உகாண்டாவில் ஆராய்ந்த வைட்ஹெட் என்பவர் 1964-இல் இவ்விரண்டு கூட்டத்தின் விகிதத்தைக் கொண்டே நோயைக் கண்டறியும் முறை ஒன்றை வகுத்தார்.

செம்பட்டை முடியின் காரணமும் இங்கேதான் இருக்கின்றது. ஃபினைல் அலனினிலிருந்து உடல் டைரோசினை ஆக்குகின்றது. டைரோசினிலிருந்து முடிக்குக் கருமை தரும் மெலனின் உண்டாகின்றது. புரதம் குன்றிய குழந்தையிடம் இம்மாற்றம் தளர்கின்றது. முடி நிறம் வெளுக்கின்றது. உணவு கிடைத்த மாதங்களில் வளர்ந்த முடி கருப்பாகவும், கிடைக்காத மாதங்களில் வளர்ந்தது செம்பட்டையாகவும் பட்டை பட்டையாய்த் தெரிவதுண்டு. தம்பியின் தலையில் எழுதியிருந்த அக்கணக்கை வாசிக்க அன்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. எண்ணெய் தேய்க்காததால் செம்பட்டை என்று கூறி, என் தாயாரைக் குறை சொன்னவர்களும் உண்டு.

குடலின் உட்சுவர் மெலிந்து, உண்டதும் செரிக்காமல் கழிவதும், நோயை எதிர்க்கும் ஆற்றல் குன்றி, சிறு சளியும் பெருநோயாவதும் இதே வறுமையின் கிளைகள்.

இங்கே என்னை நெடுநாள் உறுத்திய ஐயம் ஒன்று. என் பெரியம்மா மகன் தம்பியின் வயதினன். அவ்வாண்டு எங்கள் வீட்டிலேயே இருந்தான். ஒரே பானைக் கஞ்சி. அவன் குச்சி போல் மெலிந்தான், வீங்கவில்லை. தம்பி வீங்கினான். ஏன்? கோபாலன் அவர்கள் இதே கேள்வியைக் கேட்டிருக்கின்றார்கள் என்பதைப் பின்னாளில் அறிந்தபொழுது, என் ஐயம் அறியாமை அன்று என்று ஆறுதல் அடைந்தேன். ஐதராபாத்தில் கிராமத்துக் குழந்தைகளின் உணவை ஆராய்ந்து, மெலிந்த குழந்தையின் உணவும் வீங்கிய குழந்தையின் உணவும் வேறுபடவில்லை என்று 1968-இல் அவர்கள் எழுதினார்கள். வேறுபாடு உணவில் அன்று. குறைவுக்குத் தக்கபடி தன்னைத் திருத்திக்கொள்ளும் உடலின் ஆற்றலில் என்பது அவர்கள் கருத்து. திருத்திக்கொண்ட உடல் மெலிகின்றது. திருத்த இயலாமல் தோற்ற உடல் வீங்குகின்றது. அம்மையோ வயிற்றுப்போக்கோ வந்து அத்தோல்வியை விரைவுபடுத்துவதுண்டு. இதுவே முடிந்த முடிவு என்று கூற இயலாது. சிஸ்டீன் என்னும் அமினோ அமிலம் குறைவதால், உயிரணுக்களைக் காக்கும் குளூட்டாதயோன் குன்றுவதே வீக்கத்துக்கு வேர் என்போர் உளர். ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் இரட்டைக் குழந்தைகளை ஆராய்ந்து, குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்று 2013-இல் காட்டியோரும் உளர். அறிஞர்களே வழக்காடும் இடத்தில் எழுத்தன் தீர்ப்புச் சொல்லலாகாது.

ஆயின் கோபாலன் அவர்கள் தீர்த்துச் சொன்ன ஒன்று நம் அடுக்களைக்கு நேரே வருகின்றது. 1950-களிலும் 60-களிலும் உலகமெங்கும் புரதப் பஞ்சம், புரதப் பஞ்சம் என்றே பேச்சு. மீன் மாவு, பால் பொடி என்று பெருந்திட்டங்கள் தீட்டப்பட்டன. நம் நாட்டுக் குழந்தைகளின் உணவைக் கணக்கிட்ட கோபாலன் குழுவினர், பெரும்பாலோரிடம் முதற்குறை புரதம் அன்று, மொத்த உணவே போதவில்லை என்றனர். அடுப்புக்கு விறகு இல்லாத வீட்டில் நல்ல நாற்காலியைக் கொடுத்தால் அதையும் உடைத்து எரிப்பர் அல்லரோ? வயிறு நிறையாத குழந்தைக்குப் புரதத்தை மட்டும் கொடுத்தால், அமினோ அமிலங்கள் சதையாகாமல் விறகாகவே எரியும். ஐதராபாத்தை அடுத்த கிராமங்களில் நாளொன்றுக்கு 310 கலோரியும் 3 கிராம் புரதமுமே தரும் சிற்றுணவைப் பதினான்கு மாதம் கொடுத்து, குழந்தைகளின் வளர்ச்சி கூடியதை 1973-இல் வெளியிட்டார்கள். 1974-இல் டொனால்டு மெக்லாரன் என்பவர் இலண்டன் மருத்துவ இதழ் ஒன்றில், உலகின் புரத இயக்கத்தையே பெருந்தவறு என்று எழுதினார். சற்றுக் கடுமையான சொல்தான். புரதம் வேண்டாம் என்று அதற்குப் பொருள் கொள்ளலாகாது. வயிறு நிறையும் உணவுக்குள்ளே பருப்பும் இருக்க வேண்டும் என்பதே நான் அதில் கண்ட பொருள்.

இப்பொழுது நம் காலனிக்கு வருகின்றேன். தாய்மார்கள் என் மீது சினம் கொள்ளலாகாது.

என் தம்பியைப் போல் வீங்கிய குழந்தையை இன்று காண்பது அரிது. ஆயின் 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 35 பேர் வயதுக்குரிய உயரம் இல்லாதவர்கள். இவர்கள் வீங்குவதில்லை, மெலிவதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. குட்டையாக இருந்துவிடுகின்றனர். "எங்கள் குடும்பமே குட்டை" என்று கூறி நாம் அமைதி கொள்கின்றோம். மாதச் சம்பளம் வரும் நம் குவார்ட்டர்ஸிலும் பால் மறந்த குழந்தையின் கையில் பிஸ்கோத்தையும், கிண்ணத்தில் ரசஞ்சாதத்தையும் காண்கின்றேன். பருப்பைக் கடைந்து மேலே தெளிந்த நீரைக் குழந்தைக்கு ஊற்றிவிட்டு, அடியிலுள்ள பருப்பைப் பெரியவர்கள் உண்கின்றோம். புரதம் அடியில் அன்றோ இருக்கின்றது! மாந்தம் வருமென்ற அச்சம் நாற்பதாண்டு கழிந்தும் நம் திண்ணைகளை விட்டுப் போகவில்லை. குழைய வேகவைத்து மசித்த பருப்பு ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு ஆகும். ஒரு கரண்டி எண்ணெயோ நெய்யோ சேர்த்தால் விறகும் ஆயிற்று.

மற்றோர் ஓரத்தில் நம் இளைஞர்கள். உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்வது நன்று. ஆயின் ஒரு மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கைப் புரதப் பொடி டப்பாவுக்குக் கொடுக்கின்றார்கள். தசை பெருக்கப் புரதப் பொடிகளை நாட வேண்டாம் என்று ஐதராபாத் நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில் கூறியிருக்கின்றது. லூசின் முதலிய மூன்றை மட்டும் தனியே அடைத்த டப்பாவும் கடையில் இருக்கின்றது. தனி வாகனை மட்டும் யார்டில் குவிப்பதால் வண்டி நீளாது என்பதை முன்பே சொன்னேன். அதற்கு மேலும் ஒரு கதை உண்டு. தக்காணத்தில் சோளத்தையே முதன்மையாக உண்ட ஏழைகளுக்குப் பெல்லாக்ரா என்னும் தோல் நோய் வந்தது. நியாசின் என்னும் வைட்டமின் குறைவால் வருவது அது. உடல் 60 மில்லிகிராம் டிரிப்டோஃபானிலிருந்து ஒரு மில்லிகிராம் நியாசினை ஆக்கிக்கொள்ளும். சோளத்தில் டிரிப்டோஃபான் அத்துணைக் குறைவில்லையே, பின் நோய் ஏன் என்று வினவிய கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும், சோளத்தில் மிகுந்துள்ள லூசினே அம்மாற்றத்தைக் குலைக்கின்றது என்று 1960-இல் கூறினர். இதனை ஒப்பாத ஆய்வுகளும் பின்னர் வந்தன. எனினும் அமினோ அமிலங்களுக்குள் ஒன்றின் மிகுதி இன்னொன்றைப் பாதிக்கக் கூடும் என்ற எண்ணத்துக்கு நம் தக்காணமே ஆய்வுக்களமாயிற்று.

சித்தூர் மாவட்டம் நிலக்கடலைக்குப் பெயர் பெற்றது. மானாவாரி நிலத்தில் விளைந்து, மூட்டை மூட்டையாகச் செல்லும் அக்கடலையில் நாலில் ஒரு பங்கு புரதம். விளைவித்த வீட்டுப் பிள்ளை கடலையை விற்ற காசில் பிஸ்கோத்து வாங்கித் தின்பதைக் காணும்பொழுதெல்லாம் எனக்குச் சிரிப்பதா வருந்துவதா என்று தெரிவதில்லை. ஆந்திர நண்பர்கள் ராகிச் சங்கடியோடு கடலைத் துவையல் வைத்து உண்கின்றார்களே, அது மிக நல்ல சேர்க்கை. நாம் அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

ஐதராபாத் நிறுவனத்தார் வகுத்த சத்து மாவு ஒன்று உண்டு. வறுத்த கோதுமை 40 கிராம், பொட்டுக்கடலை 16 கிராம், வறுத்த நிலக்கடலை 10 கிராம், வெல்லம் 20 கிராம். இவ்வளவே. இது 330 கலோரியும் 11 கிராமுக்குச் சற்று மேல் புரதமும் தரும். என் மனைவியார் மாதத்துக்கு ஒருமுறை திரித்து வைக்கின்றார்கள். பூஞ்சை பிடித்த கடலையை மட்டும் ஈவிரக்கமின்றிப் பொறுக்கி எறிய வேண்டும்; அதில் நஞ்சு உண்டு. வீக்கம் கண்ட குழந்தைக்கு வீட்டிலேயே இதனைக் கொடுத்துப் பார்ப்போம் என்று இருந்துவிடலாகாது. பட்டினியில் நலிந்த உடலுக்குத் திடீரென நிறைய ஊட்டுவதும் ஆபத்து. அக்குழந்தையை அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

தம்பி பிழைத்தான். இன்று காட்பாடியில் கடை வைத்திருக்கின்றான். இரண்டு பிள்ளைகளுக்குத் தந்தை. என் தோளளவே உயரம். ரயில்வேயில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தபொழுது உயரம் போதவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டான். இந்த உரையைப் பற்றி அவனிடம் சொன்னேன். "என் கதையைச் சொல்லு அண்ணா, பெயரைச் சொல்லாதே" என்றான்.

கூட்டம் முடிந்ததும், வாயிலருகே உள்ள மேசையில் அளவு நாடாக்கள் இரண்டும் எடைக்கருவி ஒன்றும் இருக்கும். காலனி அங்கன்வாடி அம்மையாரும் வந்திருக்கின்றார்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளை அழைத்து வாருங்கள். இடது மேற்கையின் நடுவில் நாடாவைச் சுற்றி அளப்போம். 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கவனிக்க வேண்டும்; 11.5-க்குக் குறைந்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். இரண்டு புறங்காலையும் கட்டை விரலால் மூன்று நொடி அழுத்திப் பார்ப்போம். குழந்தை அழுதால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடலை மிட்டாய் வாங்கி வைத்திருக்கின்றேன், பல் முளைத்த பிள்ளைகளுக்கு மட்டும்.